எதை முதலில் செய்வது? கணக்கில் செயல்வரிசை பற்றி

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கணக்குப் போடும் கடைக்காரரின் விரல்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும், ஒரு கணிதப் பாடம் கிடைத்துவிடும். வெங்காயம் கிலோ 40 ரூபாய் வீதம் 3 கிலோ, தக்காளி கிலோ 30 ரூபாய் வீதம் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது நான்கு செயல்கள் மட்டும் தெரிந்த மேசைக் கால்குலேட்டர். 3 × 40 அடித்து எம்-பிளஸ் பொத்தானை அழுத்துகிறார். 2 × 30 அடித்து மறுபடியும் எம்-பிளஸ். கடைசியில் எம்ஆர். 180 ரூபாய். இதையே 3 × 40 + 2 × 30 என்று ஒரே மூச்சில் அடித்திருந்தால் அந்த இயந்திரம் 3,660 என்று காட்டியிருக்கும். அது எண்கள் வந்த வரிசையிலேயே செய்துகொண்டு போகும்: முதலில் 120, அதோடு 2 சேர்ந்து 122, அப்புறம் அதை 30-ஆல் பெருக்கல்.

அந்த 122 என்ற எண்ணை நின்று பார்க்க வேண்டும். அது 120 ரூபாயும் 2 கிலோவும் சேர்ந்த எண். அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. கடைக்காரர் எம்-பிளஸ் அழுத்துவதற்குக் காரணம் எந்தப் பள்ளிக்கூட விதியும் அல்ல. ரூபாயோடு ரூபாயைத்தான் கூட்ட முடியும் என்பது அவருக்குத் தெரியும். கிலோவை விலையால் பெருக்கி ரூபாயாக்கிய பிறகே அது கூட்டலுக்குத் தயாராகிறது. பெருக்கலுக்கு முதலிடம், கூட்டலுக்கு அடுத்த இடம் என்ற விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கூட்டலுக்கு இரண்டு பக்கமும் ஒரே இனமாக இருக்க வேண்டும். பெருக்கல் இனத்தை மாற்றித் தரும். ஆகவே இனத்தை மாற்றும் வேலை முன்னால், சேர்க்கும் வேலை பின்னால்.

நம் பிள்ளைகள் இதை இந்த வழியில் கற்பதில்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும், ஏன் தமிழ்நாடு முழுவதிலும், ஒரு தலைமுறைக்கு முன் படித்தவர்களைக் கேட்டால் ‘போட்மாஸ்’ என்பார்கள். பிராக்கெட், ஆஃப், டிவிஷன், மல்டிப்ளிகேஷன், அடிஷன், சப்ட்ராக்ஷன் என்ற ஆறு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்புப் புத்தகம் ‘பிட்மாஸ்’ என்கிறது. ஆஃப் இருந்த இடத்தில் அடுக்கைக் குறிக்கும் இண்டிசஸ் வந்திருக்கிறது. போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களில் முன்னால் இன்னும் ஓர் எழுத்து சேர்ந்து ‘விபோட்மாஸ்’ ஆகிறது. எண்களின் தலைக்கு மேல் இழுக்கும் கோட்டுக்கு, அதாவது வின்குலத்துக்கு, உரிய எழுத்து அது. அமெரிக்கப் பிள்ளைகள் ‘பெம்டாஸ்’ என்று சொல்கிறார்கள். அதில் பெருக்கல் முன்னால் நிற்கிறது, வகுத்தல் பின்னால். நம்முடையதில் வகுத்தல் முன்னால். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே கணிதத்தைத்தான் படிக்கிறார்கள் என்றால், இந்த எழுத்துகளில் ஏதோ ஒன்று விதியைச் சரியாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது.

இரண்டு சிறு கணக்குகளைப் பாருங்கள். 24 ÷ 4 × 2. நம் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை வகுத்தலை முதலில் செய்து 12 என்கிறது, சரியான விடை. பெம்டாஸை எழுத்துக்கு எழுத்து நம்பும் பிள்ளை பெருக்கலை முதலில் செய்து 3 என்கிறது, தவறு. அடுத்தது 10 − 3 + 2. இப்போது நம் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. எழுத்து வரிசையில் கூட்டல் முன்னால் இருப்பதால் 3 + 2 = 5, பிறகு 10 − 5 = 5 என்று எழுதிவிடுகிறது. சரியான விடை 9. இந்தப் பிழை ஆறாம் வகுப்போடு போய்விடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பட்டம் வாங்கி, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களிடமும் இது அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு எழுத்துகள் ஆறு படிகள்போலத் தெரிகின்றன. உண்மையில் இருப்பவை நான்கே: அடைப்புக்குறி, அடுக்கு, பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து ஒரு படி, கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரு படி. ஒரே படியில் இருக்கிறவை இடமிருந்து வலமாக நடக்கும்.

இடமிருந்து வலம் ஏன் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கழித்தல் என்பது குறை எண்ணைக் கூட்டுவதுதான். 10 − 3 + 2 என்பதில் மூன்று உறுப்புகள் உள்ளன: 10, −3, +2. கழித்தல் குறி 3-க்கு மட்டும் சொந்தம்; அது 2-ஐத் தன்னோடு இழுத்துக்கொள்ள முடியாது. குறியோடு சேர்த்து எண்ணைப் பிடித்துக்கொண்டால் எந்த வரிசையில் கூட்டினாலும் 9-தான் வரும். 10-உம் 2-உம் 12, அதில் 3 போனால் 9. இடமிருந்து வலம் என்ற விதி இந்த உண்மையைக் காப்பாற்றும் எளிய வழி, அவ்வளவே. வகுத்தலும் அப்படித்தான்: 4-ஆல் வகுப்பது 1/4-ஆல் பெருக்குவது. இதை ஒருமுறை விளக்கினால் புரிந்துகொள்ளாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பெருக்கலுக்கு முதலிடம் கொடுத்தது யாரோ மேல்நாட்டார் செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை. நம் பழைய எண்களே அப்படித்தான் எழுதப்பட்டன. ௨௱௩௰௫ என்று எழுதியிருந்தால் அதை எப்படி வாசிக்கிறோம்? ௱ என்பது நூறு, ௰ என்பது பத்து. நூறுக்கு முன்னால் நிற்கிற இரண்டு அதைப் பெருக்குகிறது. பத்துக்கு முன்னால் நிற்கிற மூன்று அதைப் பெருக்குகிறது. பெருக்கி வந்தவை அடுத்தடுத்துக் கூடுகின்றன. 2 × 100 + 3 × 10 + 5, அதாவது 235. ௨௱ என்றால் இருநூறு, ௱௨ என்றால் நூற்றிரண்டு. பெருக்கல் குறியும் இல்லை, கூட்டல் குறியும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. பெருக்கலை முடித்த பிறகே கூட்ட வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அல்ஜீப்ராவில் 2க² + 3க + 5 என்று எழுதும்போது நாம் பின்பற்றுவதும் இதே ஒழுங்குதான். க என்ற இடத்தில் 10 போட்டால் அதே 235.

இதைவிட நுட்பமான சான்று சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. நிலத்தை வேலியில் அளந்தார்கள். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்ற சொல்லைப் போட்டு, அரை, கால், மா, காணி என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். கீழுக்குப் பின் வருவதெல்லாம் 1/320-ஆல் பெருக்கப்பட வேண்டும். இன்னொரு கீழ் வந்தால் மறுபடியும் 1/320, ஆக 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலக்கணக்கு இந்த முறையில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 24-ஆம் தொகுதியாக அச்சில் உள்ளன. வேலியும் மாவும் தெரியாமல் அத்தகைய தொகுதியில் உள்ள நிலக்கொடைகளை வாசிக்க முடியாது.

விளக்கத்துக்காக ஓர் அளவை நானே எழுதிக்கொள்கிறேன்: இரண்டு மா, முந்திரி, கீழ் அரை, இரண்டு மா. இதைச் சரியாக வாசிக்கிற கணக்கர் கீழுக்கு முன் உள்ளதைத் தனியாகக் கூட்டுவார்: 2/20 + 1/320. கீழுக்குப் பின் உள்ளதைத் தனியாகக் கூட்டி 320-ஆல் வகுப்பார்: 1/2 + 2/20 என்பது 3/5, அதை 320-ஆல் வகுத்தால் 3/1600. மொத்தம் 21/200 வேலி. பிற்கால அளவில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று கொண்டால் இது 0.69 ஏக்கர். இப்போது ஒருவர் கீழ் என்ற சொல் அதை ஒட்டி நிற்கும் அரைக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு, கடைசி இரண்டு மாவை முழு மாவாகவே கூட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 1.35 ஏக்கருக்குத் தாவிவிடும். நிலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, வரியும் அப்படியே. ஆகவே கீழ் என்பது திறக்கும் அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. அடுத்த கீழோ அளவின் முடிவோ அதற்கு எல்லை. தவறாக வாசிக்காமல் இருக்க இன்னொரு காவலும் உண்டு. பின்னங்கள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கிக்கொண்டே வரும். முந்திரிக்குப் பிறகு அரை வந்தால் அது முழு அரையாக இருக்க வழியில்லை. வாசிப்பவர் அமைப்பைப் பார்த்தே கண்டுகொள்வார்.

கணக்கைச் சொற்களால் சொன்ன காலத்தில் செயல்வரிசைக்குத் தனி விதியே தேவைப்படவில்லை. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் முறை ஒன்று வருகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, வந்ததை ஐந்தால் வகு என்பது அதன் சாரம். முதலில் என்ன, பிறகு என்ன என்பதை வாக்கியமே சொல்லிவிடுகிறது. இதில் பெருக்கலை முன்னால் வைத்ததற்கும் பொருள் உண்டு. 52 முட்கள் இருந்தால் 52 × 6 = 312; ஐந்தால் வகுத்தால் 62, மீதி 2. மாற்றி, முதலில் 52-ஐ ஐந்தால் வகுத்து மீதியைத் தள்ளிவிட்டால் 10. ஆறால் பெருக்கினால் 60. இரண்டு சுளை காணாமல் போய்விட்டது. காகிதத்தில் பின்னமாக எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். முழு எண்ணில் மனக்கணக்குப் போடுகிறவருக்கு அப்படியல்ல. இந்தியக் கணித நூல்களின் திரைராசிகம், அதாவது மூன்று தெரிந்த அளவுகளிலிருந்து நான்காவதைக் காணும் முறை, பெருக்கலை முன்னும் வகுத்தலைப் பின்னும் வைப்பதும் இதே பயனைத் தருகிறது.

விதி தேவைப்பட்டது, சொல் போய்க் குறி வந்த பிறகு. ஐரோப்பாவில் கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் விட்மனின் அச்சு நூலில் வந்தன. சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் கொண்டுவந்தார். பெருக்கல் குறி 1631-இல் ஆட்ரெட். ÷ குறி 1659-இல் ரான். அடுக்கை இன்று எழுதுவதுபோல் எண்ணின் தோளில் ஏற்றியது 1637-இல் தெக்கார்த். ஒரு நூற்றாண்டு, ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தேவைக்காக வந்த குறிகளை ஒரே வரியில் வைத்து எழுதத் தொடங்கியபோது யாருக்கு முன்னுரிமை என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அல்ஜீப்ரா எழுதியவர்களின் கைப்பழக்கம் பெருக்கலைக் கூட்டலுக்கு முன் வைத்தது. அதை எவரும் மறுக்கவில்லை. ÷ குறியும் × குறியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எது முதலில் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. 1917-இல் அமெரிக்காவில் லென்னஸ் என்பவர் இதைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதினார். 9அ² ÷ 3அ என்று எழுதினால் எல்லாரும் 3அ என்றே விடை சொல்கிறார்கள். ஆனால் இடமிருந்து வலம் என்ற விதிப்படி பார்த்தால் 3அ³ வர வேண்டும். பாடநூல் விதி ஒன்று சொல்ல, பழக்கம் வேறொன்று செய்வதை அவர் சுட்டினார். குறியீடுகளின் வரலாற்றை 1928-இல் எழுதிய கஜோரியும் இந்த இடத்தில் உடன்பாடு இல்லை என்றே பதிவு செய்தார்.

அடைப்புக்குறி இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் நேர்மையான மருந்து. உள்ளே உள்ளதை முடித்துவிட்டு வெளியே வா என்பது அதன் ஒரே சட்டம். அடைப்புக்குள் அடைப்பாக மூன்று நான்கு வந்தால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கோயிலைத்தான் காட்டுவேன். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்று. ஒரு மதில் இன்னொன்றைக் குறுக்கே வெட்டுவதில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததை முழுதாகத் தனக்குள் வைத்திருக்கிறது. அடைப்புக்குறிகளும் அப்படித்தான் அமைய வேண்டும். கணக்குப் போடுகிறவர் கர்ப்பக்கிருகத்திலிருந்து புறப்பட்டுச் சுற்றுச் சுற்றாக வெளியே வருகிறார்.

‘ஆஃப்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் நம் பக்கத்துப் பிரச்சினை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 திறனறிவு. அந்தப் பாடத்திட்டத்தின் முதல் தலைப்பே சுருக்குதல். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பயிற்சி மையங்களில் முதல் வாரத்திலேயே இது வந்துவிடும். வழிகாட்டி நூல்களில் 12 ÷ 6-இன் 1/2 என்பதுபோல ஒரு வினா இருக்கும். ‘இன்’ என்பது வகுத்தலுக்கும் முந்தியது என்று கற்பிக்கிறார்கள். ஆகவே 6-இன் 1/2 = 3, 12 ÷ 3 = 4. இதையே 12 ÷ 1/2 × 6 என்று எழுதி, 1/2 என்பதை ஒரே எண்ணாகக் கொண்டால் 144. பழைய ஆங்கிலப் பள்ளி நூல்களின் மரபு இங்கே தேர்வு நூல்களில் தங்கிவிட்டது. பள்ளிப் புத்தகம் அதை விட்டுவிட்டு அடுக்குக்குப் போய்விட்டது. ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் என்றால், பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் ஒன்றைப் படித்துவிட்டுத் தேர்வுக்கு மற்றொன்றைப் படிக்கும் கிராமத்துப் பிள்ளைக்குத்தான் இழப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் என்பது ஒரு வேலை. 12 ÷ (6-இன் 1/2) என்று ஓர் அடைப்புக்குறி போடுவதால் வினா எளிதாகிவிடாது, தெளிவாகிவிடும். வினா எடுப்பவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2011-இலும் 2019-இலும் உலகம் முழுக்கச் சுற்றிய 6 ÷ 2(1 + 2), 8 ÷ 2(2 + 2) என்ற புதிர்களும் இந்த வகைதான். முதலாவதற்கு 9 என்றும் 1 என்றும், இரண்டாவதற்கு 16 என்றும் 1 என்றும் இரண்டு கட்சி. இடமிருந்து வலம் போனால் 9, 16. 2-உம் அடைப்புக்குறியும் ஒட்டி நிற்பதால் அது ஒரே உறுப்பு என்று எடுத்தால் 1. கணிதவியலாளர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 16 என்று பதில் சொன்னார். இயந்திரங்களும் ஒத்துப்போவதில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 ஒட்டி நிற்கும் பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது. அடுத்து வந்த டிஐ-83 அதை விட்டுவிட்டது. நம் பொறியியல் மாணவர்கள் கையில் இருக்கும் கேசியோவின் கிளாஸ்விஸ் வகை, அப்படி அடித்தால் தானே 6 ÷ (2(1 + 2)) என்று ஓர் அடைப்பைச் சேர்த்துத் திரையில் காட்டி, 1 என்கிறது. பைத்தான் மொழி குறி இல்லாத பெருக்கலை ஏற்பதே இல்லை. பிழை என்று நிறுத்திவிடும். அளவுகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 80000-2, ÷ குறியையே பயன்படுத்தக் கூடாது என்கிறது. எனக்கு இதில் எந்தத் தயக்கமும் இல்லை. இரண்டு பொருள் தரும்படி எழுதப்பட்ட கோவை, மோசமாக எழுதப்பட்ட கோவை. பிள்ளைகளின் அறிவைச் சோதிக்க அதைப் பயன்படுத்துவது முறையல்ல.

கணினி வந்தபின் இது விளையாட்டாக இல்லை. பின்னத்தை ஒரு கோடு போட்டு மேலும் கீழுமாக எழுதும்போது அந்தக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. ஒரே வரியில் தட்டச்சு செய்யும்போது கோடு போய்விடுகிறது. நாம்தான் அடைப்பைப் போட வேண்டும். திருவெறும்பூரில் 1965-இல் தொடங்கிய பெல் ஆலை கொதிகலன்களுக்குப் பெயர் பெற்றது. கொதிகலன் குழாயின் தடிமனுக்கு ஒரு சூத்திரம் உண்டு: மேலே அழுத்தம் × வெளிவிட்டம், கீழே 2 × தகைவு + அழுத்தம். விதிநூல்கள் இதன்மேல் வேறு சில கூட்டல்களையும் சேர்க்கும். இங்கே அடிப்படை போதும். அழுத்தம் 10 மெகாபாஸ்கல், விட்டம் 50 மில்லிமீட்டர், தகைவு 100 மெகாபாஸ்கல் என்றால் 500-ஐ 210-ஆல் வகுக்க, 2.38 மில்லிமீட்டர். ஒரு மாணவர் எக்செல்லில் அடைப்பே இல்லாமல் 10*50/2*100+10 என்று அடித்தால் 25,010 வரும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் சிரித்துத் தள்ளிவிடலாம். பாதி கவனமாக 10*50/(2*100)+10 என்று அடித்தால் வருவது 12.5. இதுதான் ஆபத்து. 12.5 மில்லிமீட்டர் தடிமன் என்பது நம்பக்கூடிய எண். ஆனால் அது எப்படி வந்தது என்று பார்த்தால், 2.5 மில்லிமீட்டரோடு 10 மெகாபாஸ்கலைக் கூட்டியிருக்கிறார். ரூபாயோடு கிலோவைக் கூட்டிய அதே கதை. அலகுகளை ஒவ்வொரு படியிலும் எழுதிப் பார்க்கிற பொறியாளர் இதில் விழமாட்டார்.

சில இடங்களில் அலகும் காப்பாற்றாது. அவை முழுக்க முழுக்க ஏற்பாடுகள். எக்செல்லில் −2^2 என்று போட்டால் 4. பைத்தானில் −2**2 என்றால் −4. முன்னது கழித்தல் குறியை எண்ணோடு முதலில் ஒட்டுகிறது, பின்னது அடுக்கை முதலில் செய்கிறது. 2^3^2 எக்செல்லில் 64, பைத்தானில் 2**3**2 என்றால் 512. கணித நூல்கள் பைத்தான் பக்கம். 1962-இல் கென்னத் ஐவர்சன் ஏபிஎல் மொழியை நூலாக வெளியிட்டபோது முன்னுரிமையையே எடுத்துவிட்டார். எல்லாச் செயலுக்கும் ஒரே மதிப்பு, வலமிருந்து இடம். போலந்துத் தருக்கவியலாளர் லுகாசேவிச்சின் குறியீட்டைத் திருப்பிப் போட்டு 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டர் அடைப்புக்குறியே இல்லாமல் வேலை செய்தது: 3, 40, பெருக்கு, 2, 30, பெருக்கு, கூட்டு. காந்தி மார்க்கெட்டின் எம்-பிளஸ் முறைக்கு இது எவ்வளவு பக்கம்! ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா கணினியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியதில் பெரும்பங்கு வகித்தவர். இயந்திரம் நாம் எழுதியதைத்தான் செய்யும், நாம் நினைத்ததைச் செய்யாது என்ற பாடத்தை அவர் வழியில் தமிழில் சொல்ல இன்னும் பலர் வேண்டும்.

அதே புனித வளனார் கல்லூரிக்கு 1937-இல் பிரான்சிலிருந்து வந்தவர் பாதிரியார் சார்லஸ் ரசீன். இரண்டே ஆண்டில் சென்னை லயோலாவுக்குப் போய்விட்டாலும், நவீன கணிதத்தைத் தமிழ்நாட்டு மாணவர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. அந்தக் கணிதத்தின் பார்வையில் செயல்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன என்பதே கேள்வி. பெருக்கல் கூட்டலின் மேல் பரவும்: 40 × (3 + 2) என்பதும் 40 × 3 + 40 × 2 என்பதும் ஒன்று. இந்தப் பங்கீட்டு விதிதான் இரு செயல்களையும் இணைக்கிறது. வலப்பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமலே எழுத முடிவது பெருக்கலுக்கு முதலிடம் கொடுத்திருப்பதால். கூட்டலுக்கு முதலிடம் என்று ஏற்பாடு செய்திருந்தாலும் கணிதம் பொய்த்துப் போகாது. ஆனால் ஒவ்வொரு பல்லுறுப்புக் கோவையும் அடைப்புக்குறிகளால் நிரம்பியிருக்கும்.

அப்படியானால் வகுப்பறையில் என்ன செய்யலாம்? விடை ஆறாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது, வேறொரு பாடத்தில். ‘தகவல் செயலாக்கம்’ என்ற இயலில் எண்கோவைகளை மர வரைபடமாக மாற்றும் பயிற்சிகள் தரப்பட்டுள்ளன. 3 × 40 + 2 × 30-ஐ மரமாக வரைந்தால் உச்சியில் கூட்டல் குறி. அதன் இடக்கிளையில் ஒரு பெருக்கல், அதன் கீழே 3-உம் 40-உம். வலக்கிளையில் இன்னொரு பெருக்கல், கீழே 2-உம் 30-உம். இலையிலிருந்து உச்சிக்கு ஏறினால் வரிசை தானாக வந்துவிடுகிறது. எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 10 − 3 + 2-க்கு மரம் வரைகிற பிள்ளை கழித்தலின் கிளையில் 3-ஐ மட்டும் தொங்கவிட வேண்டுமா, 3 + 2-ஐயா என்று நின்று யோசிக்கும். அந்த யோசனைதான் பாடம். எண்கள் பாடத்தில் பிட்மாஸ் வருவதற்கு முன்னால் இந்த மரத்தைக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் முளைக்காமலே போகும்.

மரம் கைவந்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு சமன்பாடும் எளிது. 3க + 4 = 19 என்பதில் கீழே பெருக்கல், உச்சியில் கூட்டல். க-வைக் கண்டுபிடிக்க உச்சியிலிருந்து இறங்க வேண்டும்: கடைசியாகச் செய்த கூட்டலை முதலில் அவிழ், 15, பிறகு பெருக்கலை அவிழ், 5. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலின் கணிதபாதத்தில் இந்தத் தலைகீழ் முறை ஒரு விதியாகவே இருக்கிறது: பெருக்கல் வகுத்தலாகும், வகுத்தல் பெருக்கலாகும், கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியில் இதற்குக் கணக்குகளே கொடுத்திருக்கிறார். போட்மாஸ் எழுத்துகளை மட்டும் நம்பி, வகுத்தல்தானே முன்னால் வரும் என்று 19-ஐ 3-ஆல் வகுக்கத் தொடங்கி, 4-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டு 7/3 என்று முடிக்கிற எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்துகிற ஆசிரியர்கள், அந்தப் பிள்ளைக்குச் சமன்பாட்டை மறுபடி நடத்துவதை விட்டு, ஆறாம் வகுப்பு மரத்தை வரையச் சொல்லலாம்.